பஞ்சும் ஊசியும்

(தருமபுரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகள் சிலவற்றை அச்சுக்காக நீக்கியிருக்கிறேன்.)



"கிளாக்கோமா அறுவை சிகிச்சையில் தழும்புத் தடுப்பு மருந்தை இடும் முறைகள்: ஓர் ஒப்பீடு" என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள். நான் கொடுத்த தலைப்புதான். அச்சில் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. மேடையேறும் முன் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என் கையைப் பிடித்து, "மருந்து ஒண்ணுதானே டாக்டர், அதைப் போடுறதுல என்ன ஒப்பீடு?" என்று கேட்டார்.

ஐயா, இந்தக் கேள்வியைப் பாலக்கோட்டில் தக்காளி பயிரிடுகிறவரிடம் கேட்டுப்பாருங்கள். ஒரே மருந்தை இலையில் தெளிப்பது, வேரில் ஊற்றுவது, சொட்டுநீர்க் குழாயில் கலந்து விடுவது என மூன்றையும் செய்து பார்த்தவர் அவர். பாட்டிலில் எழுதியிருக்கும் அளவு வேறு, செடிக்குப் போய்ச் சேரும் அளவு வேறு என்பது அவருக்குத் தெரியும். கண் மருத்துவர்களாகிய எங்களுக்கு அது புரிய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பஞ்சில் நனைத்து வைப்பதா, ஊசியில் செலுத்துவதா என்ற வழக்கை இதுவரை கண் அழுத்த எண்ணை வைத்தே தீர்க்கப் பார்த்தோம். அந்த எண்ணால் இந்த வழக்கு தீராது. ஆபரேஷன் செய்த இடத்தில் எழும் நீர்க்கொப்புளத்தின் உருவத்தைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும்.

1

முதலில் நோய். கண்ணுக்குள்ளே ஒரு நீர் ஓயாமல் சுரக்கிறது. கன்னத்தில் வழியும் கண்ணீரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சுரந்த நீர், கருவிழியும் வெண்விழியும் சந்திக்கும் மூலையில் உள்ள ஒரு சல்லடை வழியாக வடிந்துவிடும். சல்லடை அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். பின்னால் இருக்கும் பார்வை நரம்பு இழை இழையாகச் சாகும். பெரும்பாலோருக்கு வலி கிடையாது. போன பார்வை திரும்பாது. இதுதான் கிளாக்கோமா. நம் பக்கத்தில் இதைக் "கண் பிரஷர்" என்கிறார்கள். அந்தப் பெயரே போதும்.

அரவிந்த் கண் மருத்துவமனையினர் தென்தமிழ்நாட்டுக் கிராமங்களில் 40 வயதைத் தாண்டிய 5,150 பேரைப் பரிசோதித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 2.6 பேருக்குக் கிளாக்கோமா இருந்தது. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. திருவள்ளூர், காஞ்சிபுரம் கிராமங்களில் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்வும் இதே கதையைத்தான் சொன்னது. தருமபுரி இந்தக் கணக்குகளில் இல்லை. ஆனால் பென்னாகரத்து நிலைமை அந்தக் கிராமங்களைவிட மேலாக இருக்கும் என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை.

இப்படித் தாமதமாக வருகிறவர்களுக்குச் சொட்டு மருந்து போதாமல் போகும்போது ஆபரேஷன். அதன் பெயர் டிராபெகுலெக்டமி. 1968-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கெய்ர்ன்ஸ் என்பவர் வெளியிட்ட முறை, பல திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது. மேல் இமைக்குக் கீழே, வெண்விழியின் சுவரில் பாதிக் கனத்துக்கு ஒரு சிறு கதவு வெட்டுவோம். கதவுக்கு அடியில் ஒரு துளை. கதவைத் தளர்வாகத் தைத்துவிட்டு, மேலே இருக்கும் மெல்லிய சவ்வை இழுத்து மூடிவிடுவோம். உள்நீர் துளை வழியே கசிந்து, கதவின் ஓரம் தாண்டி, சவ்வுக்கு அடியில் தேங்கி ஒரு கொப்புளமாக எழும்பும். அங்கிருந்து உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால் கெய்ர்ன்ஸ் இந்தக் கொப்புளத்தை எதிர்பார்க்கவில்லை. நீர் தன் இயற்கைக் கால்வாயின் வெட்டுமுனைகளுக்குள் போகும் என்றுதான் அவர் நினைத்தார். வேலை செய்தது கொப்புளம் என்பது பின்னால்தான் தெளிவானது.

2

உடம்புக்கு இது ஆபரேஷன் என்று தெரியாது. காயம் என்றுதான் தெரியும். காயத்தை ஆற்றுவது அதன் பிறவிக் குணம். தழும்புச் செல்கள் வந்து நார் நாராக நெய்யத் தொடங்கிவிடும். பெரும்பாலும் நாங்கள் போட்ட துளை அடைபடுவதில்லை. அதற்கு வெளியே, சவ்வும் வெண்விழிச் சுவரும் ஒட்டிக்கொள்கின்றன. ஏரி மதகு திறந்தே இருக்கிறது, வாய்க்கால் தூர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது குறைந்தவர்கள், முன்பே கண் ஆபரேஷன் ஆனவர்கள், கண்ணுக்குள் அழற்சி இருந்தவர்கள், ஆண்டுக்கணக்காகப் பல சொட்டு மருந்துகளைப் போட்டு வெண்விழி சிவந்தே கிடப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் வாய்க்கால் சீக்கிரம் தூர்கிறது.

ஆகவே, மற்ற எல்லா அறுவை மருத்துவர்களும் காயம் நன்றாக ஆற வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்போது, நாங்கள் மட்டும் கொஞ்சம் ஆறாமல் இருக்கட்டும் என்று வேண்டுகிறோம். அந்த வேண்டுதலுக்குப் புற்றுநோய் மருந்துகள் துணைக்கு வந்தன. முதலில் வந்தது 5-ஃபுளோரோயூராசில். அமெரிக்காவில் 1980-களில் நடந்த பெரிய ஆய்வில், ஆபரேஷன் முடிந்த முதல் வாரம் நாளுக்கு இரண்டு தடவை, அடுத்த வாரம் நாளுக்கு ஒரு தடவை என்று இதைக் கண்ணின் சவ்வுக்கடியில் ஊசியாகப் போட்டார்கள். மொத்தம் 21 ஊசிகள். அரூர்க் காட்டோரத்திலிருந்து வருகிறவரிடம் இதைச் சொன்னால் அவர் முதல் ஊசியோடு ஊர் திரும்பிவிடுவார்.

அடுத்தது மைட்டோமைசின். ஜப்பானில் 1950-களில் மண் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்தது. இதை ஒரே ஒரு முறை, ஆபரேஷன் மேசையிலேயே வைத்துவிடலாம் என்று 1983-இல் தைவான் மருத்துவர் சென் வெளியிட்டார். இந்த மருந்து செல்லின் மரபிழைகளை ஒன்றோடொன்று பூட்டிவிடுவதால் செல் பெருக முடியாமல் போகிறது. சில நிமிடங்கள் தொட்ட மருந்து ஆண்டுக்கணக்கில் பேசும். அதன் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

3

இனி பஞ்சு. தியேட்டருக்குள் உங்களை அழைத்துப் போகிறேன்.

மைட்டோமைசின் சிறு குப்பியில் ஊதா நிறத் தூளாக வருகிறது. 2 மில்லிகிராம் குப்பியில் 10 மில்லி நீர் விட்டுக் கரைத்தால் ஒரு மில்லிக்கு 0.2 மில்லிகிராம். கரைசல் வெளிறிய ஊதாவாக இருக்கும். சிஸ்டர் கண்ணாடிக் கிண்ணத்தில் அதை ஊற்றி, நறுக்கிய பஞ்சுத் துண்டுகளைப் போடுவார். தியேட்டரில் ஸ்பாஞ்ச் என்போம். உலர்ந்திருக்கும்போது அட்டைபோல் விறைப்பாக இருந்தது, நனைந்ததும் உப்பிக்கொள்ளும். சவ்வைத் திறந்து, அதன் வெட்டு ஓரத்தில் மருந்து படாதபடி தூக்கிப் பிடித்து, துண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே செருகுவோம். ஒருவர் கடிகாரம் பார்த்து நிமிடம் சொல்வார். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். பிறகு துண்டுகளை எண்ணி வெளியே எடுத்து, இருபது முப்பது மில்லி உப்புநீரால் கழுவுவோம். எத்தனை உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்று சிஸ்டர் சத்தமாகச் சொல்ல வேண்டும். உள்ளே தங்கிவிட்ட ஒரு துண்டு செய்யும் கேடு சொல்லி மாளாது.

இப்போது ஒரு கேள்வி. அந்தக் கண்ணுக்கு எத்தனை மைக்ரோகிராம் மருந்து போயிற்று?

யாருக்கும் தெரியாது. கரைசலின் அடர்த்தி தெரியும், நிமிடம் தெரியும். ஆனால் துண்டு எவ்வளவு பெரியது, கிண்ணத்தின் ஓரத்தில் பிழிந்தோமா சொட்டச் சொட்ட வைத்தோமா, எத்தனை துண்டு, எந்த வகைப் பஞ்சு, மேலே சவ்வு எவ்வளவு அழுத்திப் பிடித்தது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே டாக்டரின் காலை கேஸுக்கும் மாலை கேஸுக்கும்கூட மாறும். ஆய்வுக் கட்டுரைகளில் "0.2, இரண்டு நிமிடம்" என்று எழுதுகிறோம். பாதி அளவைத்தான் எழுதுகிறோம்.

அளவைவிடப் பெரிய சிக்கல் இடம். தொடக்க காலத்தில் சிறிய துண்டைக் கதவின் மேலேயே, சிறு வட்டத்துக்குள் வைத்தோம். அந்த வட்டத்துக்குள் செல்கள் செத்தன. வட்டத்தின் விளிம்பில், மருந்து படாத செல்கள் முன்னைவிட மும்முரமாகத் தழும்பு நெய்தன. நடுவில் ரத்தக்குழாயே இல்லாத வெளுத்த மெல்லிய கொப்புளம், அதைச் சுற்றி இறுகிய வளையம். எஃகு வளையம் என்று இதற்குப் பட்டப்பெயர். லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனையின் பெங் டீ காவ் இதை மாற்றினார். சவ்வை இமைப்பக்கம் ஆழத்தில் வெட்டாமல் கருவிழி ஓரத்திலேயே வெட்டி, பஞ்சைப் பரந்த இடத்தில், பின்னோக்கித் தள்ளிப் பரப்பச் சொன்னார். அவர் குழு 2003-இல் குழந்தைகளும் இளைஞர்களுமான நோயாளிகளை ஒப்பிட்டு வெளியிட்ட கணக்கு இது: பழைய வெட்டில் 90 சதவீதம் பேருக்கு மெலிந்த நீர்க்கட்டிபோன்ற கொப்புளம், புதிய முறையில் 29 சதவீதம். கொப்புளத்தில் சீழ் பிடித்தது பழைய முறையில் 20 சதவீதம், புதிய முறையில் ஒருவருக்கும் இல்லை. அதே மைட்டோமைசின்தான், மாணவர்களே. வெட்டிய இடமும் பரப்பிய விதமும்தான் வேறு.

என் பங்குப் பிழையையும் சொல்லிவிடுகிறேன். இளம் மருத்துவனாக இருந்தபோது சிறு துண்டைக் கெட்டிக் கரைசலில் நனைத்துக் கதவுக்கு மேலேயே வைத்து ஆபரேஷன் செய்தேன். நோயாளி இந்த மாவட்டத்து விவசாயி. அழுத்தம் 8-க்கு இறங்கியது. மாநாட்டில் அந்தக் கண்ணின் படத்தைப் பெருமையாகக் காட்டினேன். கொப்புளம் மூக்குத்தி முத்துபோல் வெளுத்து நின்றது. ஆறு ஆண்டு கழித்து அந்தக் கண் சிவந்தது. மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கி மூன்று நாள் போட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். கருவிழிக்குப் பின்னால் சீழ் படிந்திருந்தது. அழுத்தம் அன்றைக்கும் ஒற்றை இலக்கத்தில்தான் இருந்தது. பார்வை போய்விட்டது. என் கணக்குப்புத்தகத்தில் அதுவரை அவர் "வெற்றி" பட்டியலில் இருந்தார்.

4

ஊசிமுறை பிறகு வந்தது. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பரவத் தொடங்கியது. இதில் வெட்டுவதற்கு முன்பே மருந்து போகிறது. முன்சொன்ன கரைசலை இன்னொரு மடங்கு நீர்த்து, மில்லிக்கு 0.1 மில்லிகிராம் ஆக்கிக்கொள்கிறோம். அதில் 0.1 மில்லி எடுத்தால் சரியாக 10 மைக்ரோகிராம். முடியிழைபோன்ற மெல்லிய ஊசியை, கருவிழி ஓரத்திலிருந்து நன்றாகப் பின்னால் தள்ளி, சவ்வுக்கடியில் நுழைத்து மெதுவாகச் செலுத்துவோம். அந்த இடம் எண்ணெயில் விழுந்த பூரிபோல் உப்பும். உடனே ஈரமான பஞ்சுக்குச்சியால் அந்த உப்பலைப் பின்னோக்கியும் பக்கவாட்டிலும் உருட்டிப் பரப்புவோம். கருவிழிப் பக்கம் வரவிடக் கூடாது. பிறகு வழக்கம்போல் திறந்து, கழுவி, ஆபரேஷன்.

இதன் நன்மைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. போன அளவு தெரியும். பஞ்சை எண்ண வேண்டாம், உள்ளே தங்கிவிடுமோ என்ற பயம் இல்லை. சவ்வின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக் கசக்கும் வேலை குறைவு. நேரம் மிச்சம்.

ஊசியின் ஆதரவாளர்கள் மெல்லிய குரலில் சொல்லும் குறைகளை நான் உரக்கச் சொல்கிறேன். பஞ்சை எடுத்துவிடலாம், ஊசியில் போனதைத் திரும்ப எடுக்க முடியாது. கழுவினாலும் திசுவுக்குள் ஊறியது ஊறியதுதான். முன் ஆபரேஷனால் சவ்வு ஒட்டிப்போன கண்ணில் மருந்து நினைத்த பக்கம் பரவாது, வழி கிடைத்த பக்கம் ஓடும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீர்ப்பதில் ஒரு புள்ளி தவறினால் பத்து மடங்கு மருந்து போய்விடும். அதனால் என் தியேட்டரில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். குப்பியில் எவ்வளவு, எத்தனை மில்லி விட்டோம், இப்போது மில்லிக்கு எவ்வளவு, சிரிஞ்சில் எவ்வளவு என்ற நான்கையும் சிஸ்டர் வாய்விட்டுச் சொல்ல, இன்னொருவர் திருப்பிச் சொன்ன பிறகுதான் ஊசி என் கைக்கு வரும். புதிதாக வரும் மாணவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரு மாதத்தில் சிரிப்பு நின்றுவிடும்.

5

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்?

டெஹ்ரானில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2017-இல் வெளிவந்தது. நம் திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளின் ஓராண்டு ஒப்பீட்டை 2020-இல் இந்தியக் கண் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நாடு வேறு, ஆய்வின் வகை வேறு. ஆனாலும் அழுத்தத்தைப் பொறுத்தவரை இரண்டும் சொல்வது ஏறத்தாழ ஒன்றே. பஞ்சும் ஊசியும் சமம்.

இங்கேதான் பலர் கட்டுரையை மூடிவைத்துவிட்டு, "எதை வேண்டுமானாலும் செய்யலாம்" என்று எழுந்துபோகிறார்கள். டெஹ்ரான் கட்டுரையை இன்னொரு பக்கம் புரட்டியிருக்க வேண்டும். ஊசி போட்ட கண்களில் கொப்புளம் கூடுதலாகப் பரந்தும், உயரம் குறைந்தும் இருந்தது என்று அதில் இருக்கிறது. எனக்கு அந்த வரிதான் கட்டுரை. அழுத்தம் இன்றைய நிலவரத்தைச் சொல்கிறது. கொப்புளம் பத்தாண்டு கழித்து நடக்கப்போவதைச் சொல்கிறது. தாழ்ந்து பரந்த கொப்புளம் இமைக்கடியில் உறுத்தாது, எளிதில் கசியாது. உயர்ந்து வெளுத்தது கசியும். கசிந்தால் கிருமி நுழையும். ஜப்பானில் 34 மருத்துவமனைகள் சேர்ந்து, மைட்டோமைசின் போட்டு ஆபரேஷன் ஆன ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்களைத் தொடர்ந்து கவனித்ததில், ஐந்து ஆண்டுக்குள் கொப்புளத்தில் கிருமித்தொற்று வந்தவை 2.2 சதவீதம். சிறிய எண் மாதிரித் தெரியும். ஐந்து ஆண்டோடு அது நிற்பதில்லை என்பதையும், அவர்கள் ஒழுங்காகத் திரும்பி வரும் ஜப்பானிய நோயாளிகள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஓராண்டு, ஆறு மாத ஆய்வுகள் இதைக் காட்ட மாட்டா. என் விவசாயியின் கண்ணுக்கு ஆறு ஆண்டு ஆயிற்று.

ஒப்பீட்டில் இன்னொரு கோளாறும் உண்டு. பஞ்சு என்று ஒரு முறையும் ஊசி என்று ஒரு முறையும் இருப்பதுபோல் பேசுகிறோம். சிறு வட்டத்தில் வைத்த பழைய பஞ்சு, காவ் சொன்னபடி பரப்பிய பஞ்சு, இரண்டும் ஒரே பெயரில் வழங்கினாலும் வேறு வேறு சிகிச்சைகள். கருவிழி ஓரத்தில் கவனமில்லாமல் போட்ட ஊசியும், பின்னால் தள்ளிப் போட்டு உருட்டிய ஊசியும் அப்படியே. பரப்பிய பஞ்சுக்கும் உருட்டிய ஊசிக்கும் உள்ள நெருக்கம், இரு பஞ்சுகளுக்கு இடையே இல்லை. இதைப் பிரிக்காமல் போட்ட கூட்டல் கணக்கு எதையும் நான் முழுதாக நம்புவதில்லை.

6

அப்படியானால் நீ என்ன செய்கிறாய் என்று கேட்பீர்கள்.

முதல் ஆபரேஷன், சவ்வு நன்றாக அசைகிறது, நோயாளி வயலிலும் புழுதியிலும் வேலை செய்கிறவர், பென்னாகரத்துக்கு அப்பாலிருந்து முதல் பஸ் பிடித்தால்தான் பகலுக்குள் ஆஸ்பத்திரி வந்து சேர முடியும் என்றால் எனக்கு ஊசிதான். 10 மைக்ரோகிராம், பின்னால் தள்ளி, உருட்டி. வயது முதிர்ந்து சவ்வு மெலிந்திருந்தால் அளவை இன்னும் குறைப்பேன். முன்பே ஆபரேஷன் ஆகி ஒட்டிப்போன கண்ணென்றால், திறந்து, ஒட்டுதலை விடுவித்து, கண்ணால் பார்த்தபடி பஞ்சைப் பரப்பி வைப்பேன். அங்கே மருந்து எங்கே போகிறது என்று பார்க்க முடிவது, அளவு தெரிவதைவிடப் பெரியது. இதுதான் சரி என்று சாதிக்க மாட்டேன். பஞ்சையே ஒழுங்காகப் பரப்பி நல்ல கொப்புளம் எழுப்பும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். கை பழகிய முறையை ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு ஒரே நாளில் மாற்றுவதும் நோயாளிக்கு நல்லதல்ல.

இந்த அவையில் இருக்கும் மருத்துவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் சீட்டில் "மைட்டோமைசினுடன் டிராபெகுலெக்டமி" என்று ஒரு வரியோடு முடித்துவிடாதீர்கள். பஞ்சா ஊசியா, அடர்த்தி எவ்வளவு, எத்தனை நிமிடம், எத்தனை துண்டு, எங்கே பரப்பினீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் அழுத்த எண்ணுக்குப் பக்கத்தில் கொப்புளத்தின் உயரம், பரப்பு, ரத்தக்குழாய் இருக்கிறதா என்ற மூன்றையும் குறியுங்கள். சேலத்தில் ஆபரேஷன் ஆகி, பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கும்போது கண் சிவந்து வேறொரு டாக்டரிடம் போகிறவருக்கு அந்தச் சில வரிகள் பயன்படும்.

மற்றவர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டில் கண் பிரஷருக்கு ஆபரேஷன் ஆனவர் இருந்தால், ஆகி எத்தனை ஆண்டு ஆனாலும் சரி, அந்தக் கண் சிவந்தாலோ, நீர் வழிந்தாலோ, பீளை தள்ளினாலோ, பார்வை மங்கினாலோ மெடிக்கல் ஷாப்புக்குப் போகாதீர்கள். மறுநாள் சந்தை நாளாக இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். பழைய சீட்டை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் வந்துவிடுங்கள்.